மெடிக்கல் இன்ஃபர்மேட்டிக்ஸ் சேர்றதுக்கு முன்னாடி, எந்த ஆஸ்பத்திரின்னு கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோட உங்க பேப்பர்ல வர்ற உயர்கல்வி வழிகாட்டி பக்கத்துல மெடிக்கல் இன்ஃபர்மேட்டிக்ஸ் பத்தி ஒரு சின்ன கட்டுரை போட்டிருந்தீங்க. நீட்ல மார்க் வராதவங்க மனசு விட வேண்டாம், மருத்துவமும் கம்ப்யூட்டரும் சேர்ந்த படிப்பு இது, வெளிநாட்டுல லட்சக்கணக்குல சம்பளம்னு இருந்துச்சு, அதுக்குக் கீழயே ஒரு காலேஜ் விளம்பரம். குத்தம் சொல்றதுக்காக எழுதல, இந்தத் துறைக்குள்ளயே இருக்கிறவங்கிறதால எழுதறேன். ஸ்டாஃப் நர்ஸா வார்டு ட்யூட்டி பார்த்துட்டு இருந்தவ, அப்புறம் மேல படிச்சு, இன்னிக்கு ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில ஹெச்ஐஎஸ், அதாவது ஆஸ்பத்திரி தகவல் சாஃப்ட்வேர் பார்க்கிற டீம்ல இருக்கேன். கட்டுரை வந்ததுலருந்து சொந்தக்காரங்க, கூடப் படிச்ச சிஸ்டர்ங்கன்னு ஒரே ஃபோன், "பாப்பாவ இதுல சேக்கலாமாக்கா, மூணு லட்சம் ஃபீஸ் சொல்றாங்க"ன்னு. ஒவ்வொருத்தருக்கா சொல்றத விட உங்களுக்கே எழுதிடலாம்னு தோணுச்சு.

முதல்ல ஒன்னு. இதைப் படிச்சா டாக்டர் ஆக முடியாது, கிளினிக் போட முடியாது, பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுக்க முடியாது. நீட்டுக்கு மாத்து வழின்னு இதை விக்கிறவங்க பிள்ளைங்களை ஏமாத்துறாங்க, அவ்வளவுதான். அதே மாதிரி பயோமெடிக்கல் இன்ஜினியரிங்கும் இதுவும் ஒன்னு இல்ல, அது மானிட்டர், வென்டிலேட்டர், ஸ்கேன் மெஷின் பக்கம். பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ்னா ஜீன், புரோட்டீன்னு ஆராய்ச்சி பக்கம். இது வேற. ஒரு நோயாளியப் பத்தின தகவல் ரிஜிஸ்ட்ரேஷன் கவுன்ட்டர்ல பதியறதுலருந்து, கேஸ் ஷீட், லேப், ஃபார்மசி, டிஸ்சார்ஜ் சம்மரி, இன்சூரன்ஸ் க்ளைம், கடைசியில சுகாதாரத்துறைக்குப் போற ரிப்போர்ட் வரைக்கும் எப்படிப் போகுது, எங்க தப்பாகுது, அதை யார் பார்க்கலாம் யார் பார்க்கக் கூடாதுங்கிறதுதான் இந்தப் படிப்பு. கேட்க சப்புனு இருக்கும். உள்ள போய் பார்த்தா தான் தெரியும்.

ஒரு சாதாரண விஷயம் சொல்றேன். நிறைய ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர்ல ரிஜிஸ்ட்ரேஷன் ஸ்கிரீன்ல ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்னு ரெண்டு கட்டம் இருக்கும், ரெண்டும் கட்டாயம். நம்ம ஊர்ல யாருக்கு லாஸ்ட் நேம் இருக்கு? கருப்பையா மகன் முருகேசன் வந்தா ஒரு நாள் "கே முருகேசன்", அடுத்த தடவை ஷிஃப்ட் மாறின பிள்ளை "முருகேசன் கே"ன்னு போடும், மூணாவது தடவை கூட வந்த மகன் ஆதார் காட்டினா "முருகேசன் கருப்பையா". பிறந்த தேதி கேட்டா தெரியாது, வயசு ஒரு தடவை 58, ஒரு தடவை 60, ஃபோன் நம்பர் ஒரு தடவை மகனோடது ஒரு தடவை மருமகளோடது. கடைசியில ஒரே ஆளுக்கு மூணு யூஹெச்ஐடி, அதாவது மூணு நோயாளி நம்பர். பென்சிலின் அலர்ஜின்னு எழுதி வச்சது முதல் நம்பர்ல இருக்கு, ராத்திரி எமர்ஜென்சிக்கு வந்தப்ப திறந்தது மூணாவது நம்பர். ட்யூட்டி டாக்டர் பார்க்கிற ஸ்கிரீன்ல அலர்ஜி கட்டம் காலியா இருக்கும். காலியா இருந்தா அலர்ஜி இல்லன்னு அர்த்தமா, யாரும் கேட்கலன்னு அர்த்தமா? இந்த ஒரு கேள்விக்கு ஸ்கிரீன்ல எப்படி இடம் விடணும், கவுன்ட்டர்ல இருக்கிற பொண்ணு பத்து பேர் க்யூல நிக்கிறப்ப என்ன கேட்க முடியும் என்ன கேட்க முடியாது, டபுளான ரெக்கார்ட எப்படிக் கண்டுபிடிச்சு சேர்க்கிறது, இதெல்லாம் சேர்ந்ததுதான் மெடிக்கல் இன்ஃபர்மேட்டிக்ஸ். கோடிங் தெரிஞ்ச பையன் இந்தப் பிரச்சினைய ஒரு நாள்ல முடிச்சிடுவேன்னு வருவான், எங்க கவுன்ட்டர்ல ஒரு திங்கக்கிழமை காலையில உட்கார வச்சா போதும்.

ஃபார்மசி மாஸ்டர், அதாவது சாஃப்ட்வேர்ல இருக்கிற மருந்துப் பட்டியல், அதுவும் அப்படித்தான். ஒரு ஆஸ்பத்திரியில பாராசிட்டமால் 650 மாத்திரை பிராண்டு பேர்ல ஒன்னு, ஜெனரிக் பேர்ல ஒன்னு, ஸ்டோர்ல இருந்தவங்க சுருக்கி "பிசிஎம் 650"னு போட்டது ஒன்னுன்னு மூணு ஐட்டமா இருந்துச்சு. சாஃப்ட்வேருக்கு அது மூணு வேற வேற மருந்து. அதனால சளிக்குக் கொடுக்கிற கூட்டு மாத்திரையில பாராசிட்டமால் இருக்கு, காய்ச்சலுக்குத் தனியா ஒன்னு எழுதியிருக்கு, ரெண்டும் ஒன்னாப் போகுதேன்னு அலர்ட் அடிக்கவே அடிக்காது. சிஸ்டர் கண்ணுல பட்டா தப்பிச்சோம். இன்னொரு பக்கம், எல்லாத்துக்கும் அலர்ட் வச்சீங்கன்னா நாள் முழுக்க ஸ்கிரீன்ல சிவப்பு டப்பா வந்துக்கிட்டே இருக்கும், ரெண்டே வாரத்துல எல்லாரும் படிக்காமலே ஓகே அமுக்கிப் பழகிடுவாங்க, நிஜமா ஆபத்தானதும் அதோட சேர்ந்து போயிடும். எது அடிக்கணும் எது அடிக்கக் கூடாதுன்னு தீர்மானிக்கிறதுக்கு ஃபார்மகாலஜியும் தெரியணும், வார்டுல மருந்து ரவுண்டு எப்படிப் போகுதுன்னும் தெரியணும், டேட்டாபேஸும் தெரியணும். இந்த மூணும் ஒரே தலைக்குள்ள இருக்கிற ஆளுக்குத்தான் இந்தத் துறையில எப்பவும் கிராக்கி.

ஸ்டாண்டர்ட்ஸ்னு ஒரு பெரிய பாடம் வரும், எல்லா சிஸ்டமும் ஒரே பாஷையில தகவல் மாத்திக்கிறதுக்கான பொது விதிகள். ஸ்கேன் படத்துக்கு டைகாம், லேப் மெஷின் ஹெச்ஐஎஸ் கூடப் பேசறதுக்கு ஹெச்எல்7, இப்போ புதுசா ஃபயர் (FHIR), லேப் டெஸ்ட் பேருக்கு லோயிங்க், நோய்ப் பேருக்கு ஐசிடி, கிளினிக்கல் வார்த்தைகளுக்கு ஸ்னோமெட் சிடி. மனப்பாடம் பண்ணி எழுதினா பாஸ் ஆயிடலாம், ஆனா இதெல்லாம் எதுக்குன்னு புரியணும்னா ஒரு உதாரணம் போதும். இங்க சர்க்கரைய மில்லிகிராம்ல சொல்றோம், இங்கிலாந்துல மில்லிமோல்ல சொல்வாங்க, அங்க 7னா இங்க 126. யூனிட் இல்லாம வெறும் நம்பர் மட்டும் ஒரு சிஸ்டத்துலருந்து இன்னொன்னுக்குப் போனா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. ஸ்னோமெட் சிடிக்கு இந்தியா 2014லயே உறுப்பினர் ஆயிடுச்சு, இங்க உபயோகிக்க காசு கட்ட வேண்டியதில்ல, மத்திய அரசோட இஹெச்ஆர் (டிஜிட்டல் மருத்துவப் பதிவு) ஸ்டாண்டர்ட்ஸும் 2013ல வந்து 2016ல திருத்தினாங்க. அப்படியிருந்தும் பாதி ஆஸ்பத்திரியில டயக்னோசிஸ் இன்னும் அவங்கவங்க இஷ்டத்துக்கு எழுதற ஃப்ரீ டெக்ஸ்ட்தான், சுகருக்கு ஒரு டாக்டர் "டிஎம்"ம்பார், இன்னொருத்தர் "டி2டிஎம்"ம்பார், ஒருத்தர் "கே/சி/ஓ டிஎம்"ம்பார். எத்தனை சுகர் பேஷன்ட்னு மேனேஜ்மென்ட் கேட்டா ஆளாளுக்கு ஒரு எண்ணிக்கை சொல்லுவோம்.

இது பெரிய ஆஸ்பத்திரி சமாச்சாரம் மட்டும்னு நினைக்காதீங்க. தமிழ்நாட்டுல கர்ப்பிணிங்க எல்லாரும் பிக்மிங்கிற அரசு போர்ட்டல்ல பதிஞ்சு 12 இலக்க ஆர்சிஹெச், அதாவது தாய் சேய் நல நம்பர் வாங்கணும், அது இல்லன்னா குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க அலைய வேண்டியிருக்கும், இது வீட்டுல பிள்ளைப்பேறு பார்த்த எல்லாருக்கும் தெரியும். 2021 ஆகஸ்ட் 5ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீடு வீடா போய் பிரஷர், சுகர் பார்க்கிற தன்னார்வலர் அக்காக்கள் ஒவ்வொரு ரீடிங்கையும் பதியறாங்க. அதே வருஷம் செப்டம்பர்ல நாடு முழுக்க வந்த ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன்ல 14 இலக்க ஆபா நம்பர், அதாவது ஆளுக்கு ஒரு ஹெல்த் அடையாள எண். இவ்வளவு தகவல் சேருது சரி, ஆனா கிராம சுகாதார செவிலியர்கிட்ட பேசிப் பாருங்க, நோட்டுல ஒரு தடவை, ரிஜிஸ்டர்ல ஒரு தடவை, போர்ட்டல்ல ஒரு தடவைன்னு ஒரே விஷயத்த மூணு தடவை எழுதறாங்க, டவர் கிடைக்கலன்னா வீட்டுக்குப் போய் ராத்திரி உட்கார்ந்து ஏத்துறாங்க. அந்த மூணை ஒன்னாக்கத் தெரிஞ்ச ஆளுங்க நமக்கு வேணும். அந்த வேலைக்கு ஆள் தயார் பண்றதுதான் யுனிவர்சிட்டி பண்ண வேண்டியது.

ஆனா பண்றது என்ன? எங்க டீமுக்கு இன்டர்வியூக்கு வர்ற பிள்ளைங்களோட ப்ராஜெக்ட பார்த்தா முக்கால்வாசி ஹார்ட் டிசீஸ் பிரெடிக்ஷன், யாருக்கு இதய நோய்னு கம்ப்யூட்டரே கணிக்கிறது. நெட்ல ஃப்ரீயா கிடைக்கிற டேட்டாசெட், அமெரிக்காவுல கிளீவ்லாண்டுல எடுத்த 303 பேஷன்ட்டோட விவரம், 1988ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட யுசிஐ டேட்டா களஞ்சியத்துல போட்டது. அந்தப் பிள்ளைங்க பொறக்கறதுக்கு முன்னாடி எடுத்த டேட்டா. 95 பர்சென்ட் அக்யூரசி மேடம்னு பெருமையா சொல்லும். சரிம்மா, ஒரு கேஸ் ஷீட் பார்த்திருக்கியான்னு கேட்டா இல்ல. எம்ஆர்டின்னா என்னன்னு கேட்டா தெரியல, கேஸ் ரெக்கார்டெல்லாம் வச்சுப் பராமரிக்கிற மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவுதான் அது. டிஸ்சார்ஜ் சம்மரியில என்னென்ன இருக்கும்னு கேட்டா பேஷன்ட் நேம், ஏஜ்னு நிறுத்திக்கும். பிள்ளைங்க மேல தப்பு இல்ல, சொல்லித்தர்ற வாத்தியார்களும் ஆஸ்பத்திரிக்குள்ள போனதில்ல. சிலபஸ்ல ஜாவா இருக்கு, டிபிஎம்எஸ்ங்கிற டேட்டாபேஸ் பாடம் இருக்கு, அனாடமி ஒரு பேப்பர் இருக்கு, நடுவுல இருக்க வேண்டிய வார்டு இல்ல.

உலகத்துல இதை ஒழுங்கா நடத்துறவங்க எப்படி நடத்துறாங்கன்னு பார்த்தா விஷயம் புரியும். ஜெர்மனியில ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகமும் ஹைல்ப்ரான் கல்லூரியும் சேர்ந்து 1972லயே மெடிக்கல் இன்ஃபர்மேட்டிக்ஸ்னு தனிப் பட்டப்படிப்பு ஆரம்பிச்சாங்க, உலகத்துலயே இந்த வகையில முன்னோடி. ஒரு பக்கம் மருத்துவக் கல்லூரி, ஒரு பக்கம் டெக்னிக்கல் கல்லூரி, ரெண்டும் சேர்ந்துதான் பட்டம் கொடுக்குது, கவனிங்க. (ஜெர்மனியில ஃபீஸே கிடையாதுன்னு ஏஜென்ட் சொன்னா நம்பாதீங்க, இந்த ரெண்டு ஊரும் இருக்கிற பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல 2017லருந்து ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலருந்து வர்ற மாணவர்களுக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ. இளநிலைப் படிப்பும் ஜெர்மன் மொழியிலதான்.) அமெரிக்காவுல 2011ல கிளினிக்கல் இன்ஃபர்மேட்டிக்ஸ டாக்டர்களுக்கான சப் ஸ்பெஷாலிட்டியாவே அங்கீகரிச்சாங்க. பக்கத்துல இலங்கையில கொழும்பு பல்கலைக்கழகத்தோட பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவனம் 2009ல பயோமெடிக்கல் இன்ஃபர்மேட்டிக்ஸ் எம்எஸ்சி தொடங்குச்சு, டாக்டர்களுக்குத்தான். அதோட பலன் 2020 ஜனவரியில தெரிஞ்சுது, கொரோனா வந்த உடனேயே ஆஸ்லோ பல்கலைக்கழகத்தோட டிஹெச்ஐஎஸ்2ங்கிற சுகாதாரத் தகவல் சாஃப்ட்வேர வச்சு, வெளிநாட்டுலருந்து வர்றவங்கள கண்காணிக்கிறதுக்கு ஒரு மாட்யூல் ரெடி பண்ணிட்டாங்க, அப்புறம் பல நாடுங்க அதையே எடுத்துக்கிச்சு. நம்ம பெரிய நாடு, பெரிய ஐடி, அது இதுன்னு பேசிட்டு இருக்கிறப்ப சின்ன நாடு ஒன்னு முந்திக்கிச்சு. ஆஸ்பத்திரிய உள்ளருந்து தெரிஞ்சவங்க கையில டெக்னாலஜி இருந்ததுதான் காரணம்னு நான் நினைக்கிறேன்.

இதுலருந்தே ஒன்னு தெரியும், பெரும்பாலான இடத்துல இது ரெண்டாவது படிப்பு. முதல்ல நர்சிங், பார்மசி, பிசியோ, எம்பிபிஎஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் ஏதோ ஒன்னு, அதுக்கு மேல இது. பிளஸ் டூ முடிச்ச உடனே இதுல சேர்றது தப்புன்னு சொல்லல, அப்படி சேர்ந்தா காலேஜ் கூட நிஜமான ஆஸ்பத்திரி ஒட்டி இருக்கணும், அவ்வளவுதான் என் வாதம்.

இப்ப வேலை. உங்க கட்டுரையில மெடிக்கல் கோடிங் பத்தி ஒரே வரிதான் இருந்துச்சு, ஆனா நிஜத்துல இங்க இந்தத் துறைக்குள்ள நுழையற பிள்ளைங்கள்ல நிறையப் பேர் போறது அதுக்குத்தான். சென்னை, கோவை, திருச்சின்னு அமெரிக்க ஆஸ்பத்திரிங்களோட சார்ட்டைப் படிச்சு கோடு போடற கம்பெனிங்க நிறைய. டாக்டர் எழுதின குறிப்பப் படிச்சு நோய்க்கு ஐசிடி-10-சிஎம், சிகிச்சைக்கு சிபிடின்னு கோடுகளா மாத்தணும். டைப் 2 சுகர், சிக்கல் எதுவும் இல்லன்னா ஈ11.9, அதே ஆளுக்கு சுகரால நாள்பட்ட கிட்னி பாதிப்புன்னு இருந்தா ஈ11.22, அதோட கிட்னி எந்த ஸ்டேஜ்னு இன்னொரு கோடும் சேர்த்துப் போடணும். தப்பா போட்டா க்ளைம் திரும்பி வரும். இதுக்கு மூணு லட்சம் கட்டி டிகிரி படிக்க வேண்டிய அவசியமே இல்ல, எந்த லைஃப் சயின்ஸ் டிகிரியும் சிபிசிங்கிற மெடிக்கல் கோடிங் சர்டிஃபிகேட்டும் போதும். ஆரம்பச் சம்பளம் எனக்குத் தெரிஞ்ச பிள்ளைங்களுக்கு 15,000, 20,000 அந்த ரேஞ்ச்தான், டார்கெட் பிரஷர் இருக்கும், சுலபமான சார்ட்டை எல்லாம் சாஃப்ட்வேரே போட ஆரம்பிச்சிடுச்சு, அதனால அங்கயே நின்னுடாம ஆடிட்டிங், இன்பேஷன்ட் சார்ட்டுன்னு மேல போகணும். ஆனா ஒன்னு, மெடிக்கல் கோடிங்ல ரெண்டு மூணு வருஷம் இருந்துட்டு ஆஸ்பத்திரி பக்கம் வர்ற பிள்ளைங்க ரொம்ப நல்லா வருவாங்க, ஏன்னா டாக்டர் குறிப்ப வரி வரியா படிச்சுப் பழகினவங்க.

ஆஸ்பத்திரிக்குள்ள வேலைன்னா ஹெச்ஐஎஸ் இம்ப்ளிமென்டேஷன், அதுதான் என் வேலை. புது சிஸ்டம் கோ-லைவ் ஆகற, அதாவது நிஜமா ஓட ஆரம்பிக்கிற வாரம் தூக்கம் கிடையாது, பெரிய டாக்டர்ங்க திட்டுவாங்க, பில்லிங் நிக்கும், சிஸ்டர்ங்க பேப்பரே தேவலன்னுவாங்க, அதெல்லாம் தாண்டி ஒரு மாசம் கழிச்சு வார்டுல பழைய ரிஜிஸ்டர அவங்களே அலமாரியில வச்சுட்டா நம்ம ஜெயிச்சோம். ரேடியாலஜி பக்கம், ஸ்கேன் படங்களைச் சேர்த்து வைக்கிற பேக்ஸ் சிஸ்டத்துக்கு அட்மின். முதலமைச்சர் காப்பீடு, இன்சூரன்ஸ் கம்பெனிக்காக க்ளைம் பார்க்கிற டிபிஏ பக்கம் ப்ரீ ஆத்தும் (சிகிச்சைக்கு முன்னாடி வாங்கற அனுமதி) க்ளைமும். மருந்துக் கம்பெனிங்க, அவங்களுக்காக ஆராய்ச்சி நடத்திக் கொடுக்கிற சிஆர்ஓ பக்கம் கிளினிக்கல் டேட்டா மேனேஜ்மென்ட். சாஃப்ட்வேர் கம்பெனிங்கள்ல பிசினஸ் அனலிஸ்ட், நம்ம மாதிரி நர்சுங்களுக்கு நல்ல இடம், டெவலப்பர் பையன் கிட்ட வார்டு பாஷைய சொல்லத் தெரியணும். வளைகுடா போற நர்சுங்களும் அங்க இதே பக்கம் மாறிட்டு இருக்காங்க.

அப்புறம் செக்யூரிட்டி. டெல்லி எய்ம்ஸ்ல 2022 நவம்பர் 23ம் தேதி சர்வர்ல ரான்சம்வேர், அதாவது ஃபைலைப் பூட்டிட்டுப் பணம் கேட்கிற வைரஸ் புகுந்து, ஓபி, அட்மிஷன், ரிப்போர்ட் எல்லாம் பேனா பேப்பருக்குத் திரும்புச்சு, மறுபடி சரியாகறதுக்கு ரெண்டு வாரம் கிட்ட ஆச்சு. 2023ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துடுச்சு. ஆனா இன்னிக்கும் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப் குரூப்ல போட்டு "சார் ஒபீனியன் ப்ளீஸ்"னு கேட்கிறதும், மானிட்டர் ஓரத்துல பாஸ்வேர்ட எழுதி ஒட்டி வைக்கிறதும் எல்லா ஊர்லயும் நடக்குது. இதுக்குன்னே ஆள் தேவைப்படும், இனிமே கூடத்தான் செய்யும்.

பெத்தவங்களுக்கு நான் ஃபோன்ல சொல்றதையே இங்கயும் சொல்லிடறேன். காலேஜுக்குப் போனா லேப்ல எத்தனை கம்ப்யூட்டர் இருக்குன்னு பார்க்காதீங்க. பிள்ளைங்கள எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீங்க, ஒப்பந்தம் இருந்தா காட்டுங்கன்னு கேளுங்க. எம்ஆர்டியில எத்தனை வாரம், வார்டுல எத்தனை வாரம், நிஜமான ஹெச்ஐஎஸ்ல கை வைக்க விடுவாங்களா, இல்ல ஹால்ல உட்கார வச்சு பிபிடி ஓட்டுவாங்களா? பாடம் எடுக்கிறவங்கள்ல ஆஸ்பத்திரியில வேலை பார்த்தவங்க யாராவது உண்டா? போன வருஷம் முடிச்ச ரெண்டு பிள்ளைங்களோட நம்பர் வாங்கி நேரா பேசுங்க, பிளேஸ்மென்ட் போஸ்டர்ல இருக்கிற ஃபோட்டோவ நம்ப வேண்டாம். அனுமதி பத்தியும் கேளுங்க. 2021ல வந்த தேசிய அலைடு அண்ட் ஹெல்த்கேர் புரொஃபஷன்ஸ் கமிஷன் சட்டத்தோட அட்டவணையில ஹெல்த் இன்ஃபர்மேஷன் மேனேஜ்மென்ட், ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸ்னு தனி வகையே இருக்கு, மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் அனலிஸ்ட், கிளினிக்கல் கோடர் எல்லாம் அதுக்குள்ள வர்றாங்க. உங்க படிப்பு அந்தச் சட்டத்துக்குள்ள வருதா, எந்தப் பேர்லன்னு காலேஜ் எழுத்துல கொடுக்கட்டும். வாயால சொன்னா விட்டுடாதீங்க. கையில காசு கம்மின்னா, இல்ல காலேஜ் மேல சந்தேகம்னா, பிஎஸ்சி நர்சிங்கோ பி.ஃபார்மோ முடிச்சுட்டு ரெண்டு வருஷம் வேலை பார்த்து அப்புறம் இதுக்கு வாங்க, வழி அடைபட்டுப் போயிடாது.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள் சார். அடுத்த தடவை இந்தப் படிப்பப் பத்தி போடும்போது காலேஜ் முதல்வர்கிட்ட மட்டும் பேட்டி எடுக்காம ஏதாவது ஒரு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோட எம்ஆர்டிக்கு உங்க நிருபர அனுப்புங்க. அங்க ரெக்கார்ட் பார்க்கிறவங்ககிட்ட, இந்தப் படிப்பு படிச்சுட்டு வர்ற பிள்ளைக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்னு கேட்டு, அவங்க சொல்றத அப்படியே போடுங்க. விளம்பரத்த வேற பக்கத்துல போட்டா இன்னும் நல்லது.

இப்படிக்கு,
உங்க பேப்பர் வாசகி,
திருச்சி.